கோப்பு வாசலைத் தாண்டும் நாள்

தமிழ்நாட்டு அரசு அலுவலகம் எதிலிருந்தாவது உங்களுக்கு ஒரு கடிதம் வந்திருந்தால் அதை எடுத்து மேல் ஓரத்தைப் பாருங்கள். 'ந.க. எண்' என்றோ 'மூ.மு. எண்' என்றோ 'ஓ.மு. எண்' என்றோ இருக்கும். ந.க. என்றால் விஷயம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மூ.மு. என்றால் முடிந்துவிட்டது, கோப்பை மூன்று ஆண்டு வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம். ஓ.மு. ஓராண்டுக்கு, ப.மு. பத்தாண்டுக்கு. பழைய எழுத்தர்கள் இவற்றையே எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ். என்பார்கள். ஆர்.டிஸ். என்று போட்டுவிட்டால் அந்தக் கோப்பு நிரந்தரம். ஒரு காகிதம் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பதை அமைச்சரோ சட்டமன்றமோ நாள்தோறும் முடிவு செய்வதில்லை. பிரிவில் உட்கார்ந்திருக்கும் உதவியாளர் கோப்பை முடிக்கும்போது போடுகிற இரண்டு எழுத்து அதை முடிவு செய்துவிடுகிறது.

ஆவணப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் கட்டடம், குளிர்சாதனம், ஸ்கேனர் என்று போய்விடுகிறோம். அவை வேண்டும்தான். ஆனால் அதற்கு முன்னே கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு கோப்பு, தன்னைப் பெற்ற அலுவலகத்தின் வாசலைத் தாண்டி வெளியாள் கைக்குப் போக ஒரு நாள் குறித்திருக்கிறார்களா? அந்த நாளில் யாராவது வந்து அதைக் கேட்கிறார்களா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு டில்லியில் இருக்கும் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தையும், லண்டனின் தென்மேற்கே கியூவில் இருக்கும் பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே வம்சம். 1891 மார்ச் 11 அன்று கல்கத்தாவில் 'இம்பீரியல் ரெக்கார்டு டிபார்ட்மெண்ட்' என்று தொடங்கியதுதான் இன்றைய டில்லிக் காப்பகம்.

வம்சத்தின் வேர் சென்னையிலும் இருக்கிறது. எழும்பூரில், காந்தி இர்வின் சாலையில், 1909-இல் திறந்த சிவப்புச் செங்கல் கட்டடம்தான் இன்றைய தமிழ்நாடு ஆவணக் காப்பகம். புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநரும் ஆலோசனைக் குழுவும் கூடிப் பேசியதை எழுதிவைத்த 17-ஆம் நூற்றாண்டுப் பேரேடுகள் அங்கே இருக்கின்றன. இரும்பும் மாசிக்காய்ச் சத்தும் கலந்த மாதிரியான மையில் எழுதியவை. அந்த மை காலப்போக்கில் காகிதத்தையே அரித்துவிடும். எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை விழும். பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால், யாரோ ஊசியால் சொற்களைக் குத்தி எடுத்ததுபோல இருக்கும்.

எழும்பூரில் ஒரு பக்கம் இப்படிப் போய்விட்டாலும் செய்தி போய்விடாது. காரணம், கிழக்கிந்தியக் கம்பெனி வைத்திருந்த ஒரு கண்டிப்பு. கோட்டையில் நடந்த ஒவ்வொரு கூட்டத்தின் குறிப்பையும் நகலெடுத்து, கப்பல் புறப்படும் பருவத்துக்குள் கட்டி, லண்டனில் இருந்த இயக்குநர்களுக்கு அனுப்பியாக வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த நகல்கள் இந்தியா ஆபீஸ் ஆவணங்களாக இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வரலாற்றின் மீது பற்று வைத்து யாரும் அந்த நகலை எடுக்கவில்லை. கணக்குக் கேட்கிற ஒருவர் வெளியே உட்கார்ந்திருந்தார், கப்பலுக்கு நாள் குறித்திருந்தது, அதனால் காகிதம் பிழைத்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதெல்லாம் அந்தக் கப்பலைப் பற்றித்தான்.

இங்கிலாந்துக்காரர்கள் பிறவியிலேயே ஆவணப் பிரியர்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுடைய அரசு ஆவணங்கள் லண்டன் கோபுரத்திலும் பழைய மண்டபங்களிலும் ஈரத்தில் கிடந்தன. அரசுக் கருவூலம் பல நூற்றாண்டுகளாகக் கணக்குக்குப் பயன்படுத்திய, வெட்டுக்குறி போட்ட மரக்குச்சிகள் வேண்டாதவையாகிவிட, 1834 அக்டோபர் 16 அன்று அவற்றை நாடாளுமன்றத்தின் கீழே இருந்த உலைகளில் போட்டு எரித்தார்கள். அன்று மாலை நாடாளுமன்றக் கட்டடமே எரிந்தது. கியூவில் இன்றும் ஒரு எலி இருக்கிறது. காய்ந்து வற்றிய எலி. வயிற்றில் மென்று தின்ற ஆவணத் துணுக்குகள். ஆவணங்கள் கிடந்த கேட்டுக்குச் சாட்சியாக, ஆவணப் பணியில் இருந்த ஹென்றி கோல் என்பவர் அதைக் காட்டினார். அதற்கும் ஒரு வரிசை எண் கொடுத்து ஆவணமாகவே பாதுகாத்து வருகிறார்கள். 1838-இல் பொது ஆவண அலுவலகச் சட்டம் வந்தது இந்த வெட்கத்திலிருந்துதான்.

சட்டம் வந்து நூற்றிருபது ஆண்டு கழித்துத்தான் நாள் குறித்தார்கள். அதற்கு வழி சொன்னது 1954-இல் அறிக்கை தந்த கிரிக் குழு. அதன் தலைவர் ஜேம்ஸ் கிரிக் 1934 முதல் 1939 வரை இந்திய வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் நிதி உறுப்பினராக இருந்தவர். கோப்பு மூடி ஐந்து ஆண்டு ஆனதும் ஒரு முறை, 25 ஆண்டில் இன்னொரு முறை புரட்டிப் பார்த்து, வேண்டியதை வைத்து வேண்டாததைக் கழிக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு துறையிலும் இதற்கென ஓர் ஆவண அதிகாரி இருக்க வேண்டும், அவருக்கு மேலே காப்பகத்தின் கண் இருக்க வேண்டும் என்றார். அதிலிருந்து பிறந்தது 1958-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம். கோப்புகள் 30 ஆண்டுக்குள் காப்பகத்துக்கு, 50 ஆண்டில் மக்கள் பார்வைக்கு. 1967-இல் அந்த 50-ஐ 30 ஆக்கினார்கள். 2010-இல் வந்த சட்டம் 20 ஆக்கியது; 2013 தொடங்கி ஆண்டுக்கு இரண்டு ஆண்டுக் கோப்புகள் வீதம் பத்து ஆண்டில் அந்த இடைவெளியைக் கடந்தார்கள்.

இந்தியாவில் 1993 வரை இதற்குச் சட்டமே இல்லை, நிர்வாகத் தீர்மானங்கள்தான். 1993-இல் பொது ஆவணச் சட்டம், 1997-இல் அதன் விதிகள். கிரிக் சொன்ன ஆவண அதிகாரி இங்கேயும் வந்துவிட்டார். ஒவ்வொரு அமைச்சகமும் பிரிவு அலுவலருக்குக் குறையாத ஒருவரை நியமிக்க வேண்டும். 25 ஆண்டு கடந்த கோப்புகளைக் காப்பகத்தோடு சேர்ந்து மதிப்பிட்டு அனுப்ப வேண்டும். இந்தச் சட்டம் மத்திய அரசையும் யூனியன் பிரதேசங்களையும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களையும்தான் கட்டுப்படுத்தும். மாநில அரசின் கோப்புகளைத் தொடாது. மகாராஷ்டிரம் 2005-இலும் கர்நாடகம் 2010-இலும் தத்தமக்கென்று சட்டம் செய்துகொண்டன.

சட்டத்தின் எழுத்தை மட்டும் படித்தால் நம்முடையது கடுமையானது. விதிமுறைக்குப் புறம்பாக ஆவணத்தை அழித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிரிட்டனின் 1958 சட்டத்தில் இப்படி ஒரு சிறைத் தண்டனை கிடையாது. ஆனால் நம் சட்டத்தின் 9-ஆம் பிரிவை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அனுமதியின்றி ஆவணத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோனாலும், முறைகேடாக அழித்தாலும் தண்டனை. அனுப்பாமல் அலமாரியிலேயே வைத்துக்கொண்டால்? அதற்கு ஒன்றும் இல்லை. பூட்டி வைப்பது குற்றமாகாத ஒரு சட்டத்தில் கோப்பு எப்படி வாசலைத் தாண்டும்?

தாண்டவில்லை. 2022 டிசம்பரில் தேசிய ஆவணக் காப்பகத்தின் அப்போதைய தலைமை இயக்குநர் சந்தன் சின்ஹா இதைப் பகிரங்கமாகவே சொன்னார். மத்திய அரசின் 151 அமைச்சகங்கள், துறைகளில் 36-இன் ஆவணங்கள்தான் காப்பகத்தில் இருக்கின்றன. மற்ற அமைப்புகளையும் சேர்த்தால் 64. 1962, 1965, 1971 ஆகிய மூன்று போர்களின் ஆவணங்களும் அங்கே இல்லை. பசுமைப் புரட்சியின் ஆவணங்களும் இல்லை. கோடிக்கணக்கான மக்களின் சோற்றுத் தட்டை மாற்றிய ஒரு முடிவை எந்த மேசையில், எந்தக் குறிப்பின் கீழ், யார் எதிர்க்க, யார் ஏற்க எடுத்தார்கள் என்று நாட்டின் காப்பகத்தில் போய்ப் பார்க்க முடியாது. 1962 தோல்வி பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்னும் வெளியிடவில்லை. பதவியில் இருக்கும்போதே ஓர் அதிகாரி தன் காப்பகத்தின் வெற்று அலமாரிகளை இப்படி எண்ணிச் சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன்.

சிறை இல்லாத கியூவுக்குக் கோப்பு எப்படி வருகிறது? எனக்குப் பட்ட விடை இதுதான். ஒரு துறை குறித்த நாளுக்கு மேல் கோப்பை வைத்துக்கொள்ள விரும்பினால் தானாக வைத்துக்கொள்ள முடியாது. இன்னொரு அமைச்சரிடம் காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். அந்தக் காரணத்தை ஓர் ஆலோசனைக் குழு பார்க்கும். எந்தத் துறையிடம் எத்தனை கோப்பு நிலுவையில் இருக்கிறது என்ற கணக்கைக் காப்பகம் வெளியிடும். புத்தாண்டை ஒட்டிக் கோப்புகள் திறக்கும்போது பத்திரிகையாளர்கள் காத்திருப்பார்கள். 'இந்த ஆண்டு அந்தக் கோப்பு ஏன் வரவில்லை' என்று மறுநாள் நாளிதழ் கேட்கும். அதாவது, கப்பலுக்கு நாள் குறித்திருக்கிறது, துறைமுகத்தில் ஆளும் நிற்கிறது.

இத்தனையும் சொன்னதால் கியூவை நான் கோயிலாகக் கும்பிடுவதாக நினைத்துவிட வேண்டாம். அந்த நாட்டின் ஏமாற்று பெரியது. கென்யாவில் மாவ் மாவ் எழுச்சிக் காலத்தில் தடுப்பு முகாம்களில் சித்திரவதைப்பட்ட முதியவர்கள் லண்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கின் நெருக்கடியில்தான் 2011-இல் வெளியுறவுத் துறை ஒப்புக்கொண்டது: முன்னாள் காலனிகள் 37-இலிருந்து கொண்டுவந்த ஏறக்குறைய 8,800 கோப்புகள் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் அரை நூற்றாண்டாக மறைவாக இருந்தன. சட்டம் கேட்கும் அனுமதி எதுவும் அவற்றுக்கு வாங்கவில்லை. 2012 முதல் அவை கியூவுக்கு வந்தன. இலங்கை, மலாயா, சிங்கப்பூர்க் கோப்புகளும் அவற்றில் உண்டு. 2013-இல் பிரிட்டன் அரசு வருத்தம் தெரிவித்து 5,228 கென்யர்களுக்காக 1.99 கோடி பவுண்டுக்கு உடன்பட்டது.

அந்தக் கோப்புகளே இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தன. காலனிகளை விட்டுப் போகும்போது அரசுக்குச் சங்கடம் தரக்கூடிய காகிதம் எதையும் புதிய அரசிடம் கொடுக்கக் கூடாது என்று 1961-இல் உத்தரவு போயிருக்கிறது. எரிக்க வேண்டும், சாம்பலையும் உதிர்த்துவிட வேண்டும். எரிக்க முடியாவிட்டால் பாரம் கட்டிய பெட்டிகளில் வைத்து, கரையிலிருந்து தொலைவில், நீரோட்டமில்லாத ஆழ்கடலில் போட வேண்டும். இதை எழுதியவர்களுக்கு ஆவணத்தின் மதிப்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது. நம் நாட்டிலும் நடந்ததுதான். 1947 கோடையில், சமஸ்தான மன்னர்களைப் பற்றிய கோப்புகளை அரசியல் துறையினர் கட்டுக் கட்டாக எரித்தார்கள், நேரு கண்டித்தார்.

ஈழத் தமிழருக்கு இதில் தனியாக ஒரு காயம் இருக்கிறது. 1970-களின் இறுதியில், இலங்கையில் போர் மூளத் தொடங்கிய காலத்தைச் சேர்ந்த ஏறக்குறைய 200 கோப்புகளை பிரிட்டன் வெளியுறவுத் துறை அழித்துவிட்டது என்று 2018-இல் செய்தி வந்தது. கொழும்புக்கு லண்டன் என்ன ஆலோசனை சொன்னது, யாரை அனுப்பியது என்பதற்கு அந்தக் கோப்புகள் சாட்சி சொல்லியிருக்கும். அந்தச் சாட்சி இனி வராது.

இதுவரை பேசியது அரசின் ரகசியங்களை. சாதாரண மனிதருக்கு ஆவணம் தேவைப்படும் நாள் ஒன்று வரும். அந்த நாளில் இரண்டு நாடுகளுமே எப்படி நடந்துகொண்டன என்று பார்க்கும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கரீபியன் தீவுகளிலிருந்து கப்பலேறி பிரிட்டனுக்கு வந்தவர்கள் இறங்கிய நாளில் ஆளுக்கொரு தரையிறங்கும் சீட்டு எழுதிவைத்தார்கள். அந்தச் சீட்டுகளை உள்துறை 2010-இல் அழித்தது. இடம் மாறும்போது வேண்டாத காகிதத்தைக் கழிப்பதுபோலக் கழித்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் அதே அரசு அந்த முதியவர்களைப் பார்த்து, நீ எப்போது வந்தாய், சான்று காட்டு என்றது. வேலை போனது, மருத்துவம் மறுக்கப்பட்டது, சிலரை நாடு கடத்தியே விட்டார்கள். 2018-இல் உள்துறை அமைச்சர் பதவி விலகினார்.

அஸ்ஸாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று தேசியக் குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியல் வந்தபோது 19,06,657 பேர் வெளியே நின்றார்கள். 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முன்பே தன் குடும்பம் இங்கே இருந்தது என்று காட்ட 1951 பதிவேடோ பழைய வாக்காளர் பட்டியலோ வேறு காகிதமோ வேண்டும். ஆண்டுதோறும் வெள்ளம் வீட்டைக் கொண்டுபோகிற ஆற்றங்கரைக் குடும்பம் தன் தாத்தாவின் காகிதத்தை எங்கே வைத்திருக்கும்? தாத்தாவின் பெயரை ஒரு பட்டியலில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் எழுதியது அரசின் எழுத்தர். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பேரன். பிரிட்டனில் அரசு காகிதத்தை அழித்தது. இங்கே காகிதத்தைக் காக்கும் சுமையைக் குடிமகன் தலையில் ஏற்றியது. பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

இனி, படிக்கப் போகிறவர் விஷயம். கியூவில் 16 வயது நிரம்பிய எவரும் அடையாளச் சான்றைக் காட்டிப் படிப்பாளர் சீட்டு வாங்கலாம், இலவசம். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். பொருள்களை வெளிப்படையாகத் தெரியும் பையில் எடுத்துப் போக வேண்டும். பழைய பேரேட்டின் முதுகு முறியாமல் இருக்க அடியில் வைக்க நுரைப்பஞ்சுத் தாங்கிகள் தருவார்கள். சொந்தக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். அங்கே வருபவர்களில் பலர் தம் தாத்தா போரில் எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்று தேடி வருகிறவர்கள்.

நம் 1993 சட்டத்தின் 12-ஆம் பிரிவு, 30 ஆண்டு கடந்த ஆவணங்களை 'உண்மையான ஆராய்ச்சியாளர்' எவருக்கும் காட்டலாம் என்கிறது. நில வழக்குக்காக வருகிற விவசாயி ஆராய்ச்சியாளரா? எழும்பூருக்குப் படியேறுகிறவர்களில் பலர் இனாம் பதிவேட்டின் நகல் கேட்டு வருகிறவர்கள். கோயில் நிலமா குடும்ப நிலமா என்பதை 1860-களில் இனாம் கமிஷன் எழுதிய ஒரு வரி தீர்த்துவைக்கும். அந்த வரியை நம்பி மஞ்சப்பையில் பட்டாவை வைத்துக்கொண்டு நிற்கிறவரை விட உண்மையான தேவை எந்த ஆய்வேட்டுக்கு இருக்கிறது?

இந்த இடத்தில் நம் பக்கம் ஒரு பெரிய பலம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் இரண்டு நாட்டிலும் நடைமுறைக்கு வந்தது 2005-இல். தமிழ்நாடு 1997-லேயே தனக்கென்று ஒன்றைச் செய்துகொண்டது. மத்தியச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு ஆவணங்களை அட்டவணைப்படுத்தி வைப்பதை ஒவ்வொரு அலுவலகத்தின் கடமையாக்குகிறது. 8-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, நாடாளுமன்ற உரிமை, அமைச்சரவைக் காகிதம் போன்ற சில போக, 20 ஆண்டு கடந்த நிகழ்வு பற்றிய தகவலைத் தர வேண்டும் என்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு சாதாரண ஆள் கப்பலுக்கு நாள் குறிக்கலாம்.

ஆனால் அதற்கு வரும் பதிலை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். என் தந்தையின் பிறப்புப் பதிவைத் தேடி நான் ஓர் அலுவலகத்துக்கு நடந்தபோது பதிவறை எழுத்தர் கதவைத் திறந்து காட்டினார். தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு, மழைத் தண்ணீர் நின்ற கோடு சுவரில் இருந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த கட்டுகளெல்லாம் செங்கல்போல இறுகியிருந்தன. "மேல்தட்டுல இருக்குறதைக் கேளுங்க சார், எடுத்துத் தரேன்" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. எனக்கு வேண்டியது கீழ்த்தட்டில். பிறகு எழுத்தில் வந்த பதில், 'கோப்பு கிடைக்கப்பெறவில்லை'. 2013-இல் டில்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: அலுவலகத்தில் ஒரு காலத்தில் இருந்த தகவலை, தேடிக் கிடைக்கவில்லை என்று சொல்லி மறுத்துவிட முடியாது, முறையாகத் தேட வேண்டும், தொலைத்தது யார் என்று விசாரித்துப் பொறுப்புச் சுமத்த வேண்டும். இந்தத் தீர்ப்பை அறிந்து வைத்திருப்பது எந்த விண்ணப்பதாரருக்கும் நல்லது.

அந்த எழுத்தரின் வருத்தத்தை நான் மறக்கவில்லை. நம் நாட்டில் காகிதத்தைக் கையால் தொட்டுக் காப்பவர்களின் திறமையில் குறை சொல்ல எதுவும் இல்லை. 1950-களில், அமெரிக்காவில் ஆவணங்களைச் சூடான இயந்திரத்தில் அழுத்தி உறையிட்டார்கள். அந்த இயந்திரம் வாங்க வசதியில்லாத டில்லிக் காப்பகத்தில் ஓ. பி. கோயல் ஒரு வழி கண்டார். நைந்த தாளின் இருபுறமும் அசிட்டேட் படலம், அதன் மேல் மெல்லிய டிஷ்யூ தாள், பிறகு அசிட்டோனில் நனைத்த பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு தடவல். அவ்வளவுதான், இயந்திரமும் மின்சாரமும் வேண்டாம். வசதி குறைந்த காப்பகங்கள் பலவற்றுக்கு அது கைகொடுத்தது. இன்று, திரும்ப எடுக்கக்கூடிய ஒட்டுதலே நல்லது என்று முறை மாறிவிட்டது. ஆனால் உடைந்து உதிர்ந்துகொண்டிருந்த எத்தனையோ பக்கங்களை அந்தப் பஞ்சு காப்பாற்றியது.

கணினிக் காலம் வந்தும் அடிப்படைச் சிக்கல் மாறவில்லை. 'அபிலேக் படல்' தளத்தில் டில்லியின் ஆவணங்களை வீட்டிலிருந்தே பார்க்க முடிவது பெரிய கொடை. ஆனால் காப்பகத்துக்கு வராத கோப்பை எந்த ஸ்கேனரும் படம் பிடிக்காது. பிரிட்டனில் கொரோனா விசாரணைக்கு அமைச்சர்களின் வாட்ஸ்அப் செய்திகளைத் தர அரசே மறுத்து, 2023-இல் நீதிமன்றத்தில் தோற்றுத்தான் கொடுத்தது. காகிதத்துக்காவது ஓ.மு., மூ.மு. என்று யாரோ எழுதினார்கள். கைபேசியில் எடுத்த முடிவுக்கு அந்த இரண்டெழுத்தைக்கூடப் போட ஆளில்லை.

டில்லிச் சட்டத்துக்கு மூன்று திருத்தம் போதும் என்று நினைக்கிறேன். அனுப்பாமல் வைத்துக்கொள்வதும் மீறலாக வேண்டும். துறைவாரியான நிலுவைப் பட்டியலை ஆண்டுக்கு இரு முறை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். 12-ஆம் பிரிவில் இருக்கும் 'உண்மையான ஆராய்ச்சியாளர்' என்ற சொற்கள் போய் 'எவரும்' என்ற ஒரு சொல் வர வேண்டும். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். அனுப்பும் கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்து, தேதி போட்டு, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.